நாலு பத்து வண்டி வாந்தது

நாற்பது வினைச்சொற்கள் அச்சடித்த ஒரே ஒரு தாள். அந்த வருஷம் அந்த வீட்டை ஆட்டிப்படைத்தது அதுதான். தாளை எழுதியவள் தங்கை. அதற்கு முன்னால் உட்கார்ந்து முழித்தவள் அக்கா.

“ஓடு,” என்றார் பேச்சுப் பயிற்சியாளர். “நேத்து அது என்ன பண்ணுச்சு?”

“ஓடுச்சு.”

“விழு.”

“விழுந்துச்சு.”

“வா.”

அக்கா உதட்டைக் குவித்தாள், விரித்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வேறு ஒன்றும் அகப்படவில்லை. “வாந்துச்சு,” என்றாள்.

பயிற்சியாளர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் பெருக்கல் குறி போட்டார். மூலையில் முக்காலியில் இருந்த தங்கையும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். தாளின் பின்பக்கம் மூன்றாவது குறிப்பு அப்படி: ‘உறவினர் உடனிருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தாலும் பேசக் கூடாது.’ பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதை எழுதியபோது, அந்த முக்காலியில் தானே வந்து உட்காருவோம் என்று அவள் கண்டாளா என்ன.

அவளுக்கு வீட்டில் இலக்கணம் என்று பெயர். பத்து வயதில் பெரியப்பாவின் பேச்சில் பிழை திருத்தி முதுகில் ஒன்று வாங்கியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் மொழியியல் வகுப்பு எடுக்கிறாள். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் வினைச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று அத்தான் கேலி செய்வார். அன்றைக்கு அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, இரண்டு பஸ் மாறி வகுப்புக்குப் போய், வகுப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. செருப்பை முக்காலிக்கு அடியில் கழற்றி வைத்திருந்தாள்.

“நில்.”

“நில்லுச்சு.”

“சா.”

“சாவுச்சு.”

கடைசியில் பயிற்சியாளர் கூட்டிப் பார்த்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தார். அக்கா அதை நிமிர்த்திப் பார்த்தாள். இருபத்தொன்று. போன மாதமும் இருபத்தொன்றுதான்.

“பாஸ் எவ்வளவு?” என்று அக்கா கேட்டாள், தெரிந்துகொண்டே.

“முப்பதும்மா.”

“யாரு சொல்லினது முப்பதுன்னு?”

பயிற்சியாளர் இலக்கணத்தைப் பார்த்தார். இலக்கணம் செருப்பைத் தேடினாள்.

அக்காவுக்கு ரயில் நிலையத்தில் வேலை. இருபத்தாறு வருஷமாக மைக்குக்கு முன்னால். முதல் நடைமேடைக்கு மேலே, படியேறிப் போனால் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேஜை, ஒரு மைக், சிவப்பு விளக்கு வைத்த ஒரு ஸ்விட்ச். அங்கிருந்து அவள் சொல்லித்தான் ஊர் வண்டி ஏறியது, இறங்கியது. நிலையத்தில் அவளை அறிவிப்பம்மா என்பார்கள். காய்கறிக் கடையில் விலை கேட்டால்கூட ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று.

ஏழு மாதத்துக்கு முன்னால் மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கை திரும்பி வந்தது, கால் வந்தது, பேச்சும் ஏறக்குறைய வந்துவிட்டது. வராமல் நின்றது இந்த முரண்டுச் சொற்களின் இறந்தகாலம் மட்டும். வருது என்பாள், வரும் என்பாள். நேற்று என்றால் வாந்துச்சு. சும்மா வீட்டில் இருக்கிறவளாக இருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள். மைக் வேலையாகப் போயிற்று.

போன மாதம் பிடிவாதமாக வேலைக்குப் போய்ப் பார்த்தாள். முதல் அறிவிப்பிலேயே, ஊருக்கெல்லாம் கேட்கும்படி, “வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வாந்தது” என்றாள். நடைமேடையே சிரித்தது. “வண்டிக்கே வாந்தியா, எலுமிச்சம்பழம் குடுங்கப்பா” என்று ஒருவன் கத்தினது கண்ணாடி வழியாகவே கேட்டது. அக்கா மைக்கை அணைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள். மறுநாளே நிலையத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். யாரோ எங்கேயோ பேசிப் பதிவுசெய்த துண்டுகளை ஒட்டிப் பேசும் பெட்டி. அக்கா அதற்குப் பெட்டிக்காரி என்று பேர் வைத்தாள். பெட்டிக்காரி ஒரு நாளும் தப்பாகப் பேச மாட்டாள். புதிதாக ஒரு வார்த்தையும் பேச மாட்டாள்.

நிலைய மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கையைத் தாண்ட அவருக்குத் தைரியம் கிடையாது. ஆஸ்பத்திரித் தாளில் முப்பது இருந்தால் ஒரு மணி நேரம் சோதனை அறிவிப்பு, அதில் தேறினால் பழைய இடம். இல்லாவிட்டால் பார்சல் அறையில் சீட்டு ஒட்டும் வேலை. மாதக் கடைசிக்குள் தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த முப்பது எப்படி வந்தது என்று இலக்கணத்துக்கு மட்டும்தான் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அச்சகத்து ஆள் வாசலில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினான். அதுவரை பதினைந்து பேரைத்தான் சோதித்திருந்தாள். இருபத்து நாலிலிருந்து முப்பத்து மூன்று வரை எங்கே கோடு கிழித்தாலும் கிழிக்கலாம். முப்பது பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டாள். பிறகு நாலு ஆஸ்பத்திரிகள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டன, அந்த முப்பதும் கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டது.

இந்த இடத்தில் அவள் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் பட்ட வெட்கம் புரியாது.

எந்த மொழியை எடுத்தாலும் சில சொற்கள் சொன்ன பேச்சுக் கேட்கும், சில சொற்கள் முரண்டு பிடிக்கும். ஓடு என்றால் ஓடினான், பாடு என்றால் பாடினான். நாளைக்கு ஒரு புதுச் சொல் கப்பலிலோ கம்பியிலோ வந்து இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை. பின்னால் ஒரு ‘பண்ணினான்’ போட்டு வேலையை முடித்துவிடுவோம். ஆனால் வா என்றால் வந்தான். சா என்றால் செத்தான். சா எங்கே, செத்தான் எங்கே. இன்னொரு மொழியில் ஒன்று பலவாகும்போது சொல்லின் வயிற்றைப் பிளந்து உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றுகிறார்கள். வேறொரு மொழியில் பன்மைக்கு ஐந்தாறு விகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ரொம்ப அபூர்வமான ஒன்றுதான் புதுச் சொல் வரும்போதெல்லாம் கைகொடுக்கிறது.

ஏன் இப்படி என்பதில் மொழியியல்காரர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்வது: மூளையில் ஒரு பட்டறை இருக்கிறது, ஒரு பரண் இருக்கிறது. ஒழுங்கான சொல்லை அவ்வப்போது பட்டறையில் செய்துகொள்கிறோம். முரண்டுச் சொல்லைச் செய்ய முடியாது. முழுசாக ஞாபகத்தில், பரணில் போட்டு வைத்து, வேண்டும்போது இறக்குகிறோம். இறக்க வரவில்லை என்றால் பட்டறை தானாக ஓடி ‘வாந்துச்சு’ என்று ஒன்றைச் செய்துவிடும். மற்றக் கட்சி சொல்வது: பட்டறையும் இல்லை, பரணும் இல்லை, எல்லாம் நடந்து நடந்து விழுந்த தடம்தான், சில தடம் அகலம், சில தடம் குறுகல். முப்பது வருஷமாகக் கருத்தரங்குகளில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டீ குடிக்கும்போதும் தனித்தனி மேஜை.

இலக்கணம் பட்டறைக் கட்சி. அக்கா வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு தப்பும் அவள் கட்சிக்குக் கிடைத்த சாட்சி. இவ்வளவு சுத்தமான ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை: ஒழுங்குச் சொல் இருபதுக்கு இருபது, முரண்டுச் சொல் இருபதுக்கு ஒன்று, அதுவும் ‘இருந்தது’ மட்டும். கைப்பையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் தேதி, சொல், சொன்ன சந்தர்ப்பம்.

முதல் பதிவு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த ஒன்பதாம் நாள். அன்றைக்குத்தான் அத்தான் போய்ச் சேர்ந்தார். அவர் நாலு பத்து பாசஞ்சரில் கார்டு, கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி காட்டுகிறவர். ஆஸ்பத்திரிக்கும் டியூட்டிக்குமாக அலைந்தவர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. அக்காவுக்குச் சொல்ல வேண்டிய வேலை தங்கை தலையில் விழுந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மென்று முழுங்கிச் சொன்னாள். அக்கா கூரையையே பார்த்தாள். “அவர் சாவினாரா?” என்று கேட்டாள். பிறகு, “சரி,” என்றாள்.

அழவில்லை. அடக்கத்துக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போகிற நிலைமை இல்லை. அந்த நேரத்தில், அத்தான் உடம்பு இன்னும் வீட்டில் கிடந்த அந்த நேரத்தில், இலக்கணத்தின் மண்டைக்குள் ஒரு மூலை ‘சாவினார்’ என்று குறித்துக்கொண்டது. சாயங்காலம் அதை நோட்டில் எழுதினாள். ‘கணவர் இறந்த செய்தி கேட்டபோது.’ எழுதி முடித்துக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனால் கிழிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா யார் விசாரித்தாலும், “அவர் சாவினார்,” என்று கரண்ட் போனதைச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். திடமான பொம்பளை என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. இலக்கணம் ஒரு தந்திரம் பண்ணினாள். நிலையத்து அறிவிப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, முரண்டுச் சொல் இருக்கும் இடத்தையெல்லாம் அடித்து, சொன்ன பேச்சுக் கேட்கும் சொற்களாகப் பார்த்துப் போட்டாள். ‘வந்தது’ போயிற்று, ‘நெருங்கியது’. ‘சென்றது’ போயிற்று, ‘கிளம்பியது’. ‘நின்றது’ என்ற இடத்தில் ‘தங்கியது’. ஏறு, இறங்கு, மாறு எல்லாம் நல்ல பிள்ளைகள். தொடவேண்டிய அவசியமே இல்லை.

சமையலறையில் ஒத்திகை நடந்தது. அக்கா கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து அறிவித்தாள். “பயணிகள் கவனத்துக்கு. வண்டி இரண்டாம் நடைமேடையிலிருந்து கிளம்பியது.” குரல் அதே குரல். இலக்கணத்துக்கு வெங்காயம் உரிக்கும் சாக்கு கிடைத்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பால்காரர் பால் தாந்தாரா?” என்றாள் அக்கா, கரண்டியைக் கீழே வைத்து. தானே முகத்தைச் சுளித்தாள். “இரு. பால்காரர் பால் சப்ளை பண்ணினாரா?”

“பண்ணினார்.”

“பாத்தியா. இந்தப் பண்ணு இருக்கே, தங்கமான வார்த்தை. எதைக் குடுத்தாலும் தூக்கிட்டு வரும்.” பிறகு கேட்டாள்: “ஏண்டி, மத்த பாஷைல எல்லாம் எப்படி? அங்கயும் இந்த வா, போ தானா தகராறு?”

“எங்க போனாலும் அதுங்கதான்க்கா. வா, போ, இரு, சொல்லு, தா. தினம் நூறு தடவை வாய்ல வர்றதுங்கதான் முரண்டு பிடிக்கும். எப்பவாவது வர்ற வார்த்தையோட பழைய உருவத்தை ஜனங்க மறந்துடுவாங்க, அதனால அது விதிக்கு அடங்கிப் போயிடும்.”

அக்கா யோசித்தாள். “வீடும் அப்படித்தானே. விருந்தாளி ஒழுங்கா இருப்பான். தினம் புழங்கறவங்கதான் முரண்டு பண்ணுவாங்க. உங்க அத்தான் ஒரு நாளாவது ஈரத் துண்டைக் கொடில போட்டிருப்பாரா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஏழு மாதத்தில் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் கணக்கில் சேரும். இலக்கணம் மட்டும் சிரித்து முடிப்பதற்குள், ‘பண்ணு’ உத்தியை நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு விடாமல் எழுதியும் வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி, தங்கை அன்றைக்கு வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போன கைப்பையைத் திறந்தாள். இலக்கணம் கல்லூரியிலிருந்து விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நீல நோட்டு விரித்துக் கிடந்தது. படிப்பதற்கு அவளுக்கு ஒரு குறையும் இல்லை, பேச்சில்தான் குறை.

“நல்லா எழுதியிருக்க,” என்றாள் அக்கா. “தேதியெல்லாம் போட்டு.”

இலக்கணம் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“பால் தாந்தார். அது பரவால்ல. கடைக்காரன் காசு கேளினான். அதுவும் பரவால்ல, உனக்குப் பொழப்பு.” அக்கா முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். “இது என்னடி. அவர் சாவினதை எழுதியிருக்க.”

“அக்கா.”

“நான் கட்டில்ல கிடக்கறேன். நீ என் கையைப் பிடிச்சிருக்க. நீ அழறதா நினைச்சேன்.” அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. “உள்ள எழுதிட்டிருந்தியா?”

இல்லை என்று சொல்லலாம். சாயங்காலம்தான் எழுதினேன் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. இலக்கணத்துக்கு இரண்டும் வாயில் வரவில்லை. “ஆமா,” என்றாள்.

“நான் சரியா பேசினா உனக்கு நஷ்டம்.”

“அப்படி இல்லக்கா.”

“கொஞ்சமாவது?”

நாள் பூராவும் நின்ற கால். கட்டை மேஜை மேல் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படிச் சுற்றி வளைத்தாலும் அதேதான் வரும் என்று தெரிந்தது. “கொஞ்சம்,” என்றாள்.

 அக்கா நோட்டை மூடி அவள் பக்கமாகத் தள்ளினாள். “பொய் சொல்லாம இருந்தியே,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஒத்திகை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கரண்டி கரண்டியாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் இலக்கணம் வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயிற்சியாளர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தாள். கீழே அவள் கையெழுத்து. தாளில் உள்ள முப்பது என்ற எல்லை ஆராய்ச்சியில் கிடைத்தது அல்ல, தான் உத்தேசமாகப் போட்டது, ஒருவர் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள்.

பயிற்சியாளர் இரண்டு தடவை படித்தார். டப்பாவை மூடினார்.

“இதை நான் நாலு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பணும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அந்த பஸ் கண்டக்டர். ஞாபகம் இருக்கா? இருபத்தெட்டு வாங்கினார். ரெண்டு மார்க்ல வீட்டுக்கு அனுப்பினோம். அழுதுட்டே போனார்.”

ஞாபகம் இருந்தது. பச்சைச் சட்டை. ‘நின்னுச்சு’ என்பதை ரொம்ப அழகாகச் சொன்னார், வேலை அப்படி. “அவருக்கும் சேர்த்துத்தான்,” என்றாள் இலக்கணம்.

“உங்க பேரு என்னாகும்?”

“கெடும்.”

 பயிற்சியாளர் முத்திரை குத்தி ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் நேரே ரயில் நிலையத்துக்குப் போனாள். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மேலிடத்துக்குக் காட்ட ஒரு காகிதம் கிடைத்ததில் அவருக்கே கொஞ்சம் நிம்மதி. தாள் வேண்டாம், ஒரு மணி நேரச் சோதனை மட்டும் போதும், வெள்ளிக்கிழமை மூன்றரையிலிருந்து நாலரை என்றார். அதில் நடைமேடை சிரித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

வீட்டில் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து சமையலறையிலிருந்து குரல் கேட்டது. “பயணிகள் கவனத்துக்கு. வண்டி மூன்றாம் நடைமேடையை நெருங்குகிறது.” இலக்கணம் சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை. கண்ணாடி அறையில் அக்கா நாற்காலியில், இலக்கணம் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல். கீழே நடைமேடையில் மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று முப்பத்தைந்து வண்டி நெருங்கியது. மூன்று நாற்பத்தெட்டு வண்டி கிளம்பியது. ஒன்று நடைமேடை மாறியது. மாறியது என்று அக்கா சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் மேலே பார்த்து, நல்ல தமிழாக இருக்கிறதே என்பது மாதிரித் தலையாட்டினார். தங்கையின் அடித்தல் திருத்தல் தாள் மேஜையில் இருந்தது. அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை.

நாலு எட்டுக்கு அக்கா ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. “நாலு பத்து பாசஞ்சர் முதல் நடைமேடையை நெருங்குகிறது.”

நல்ல தெளிவாகத்தான் சொன்னாள். வண்டி வந்தது. இருபத்தாறு வருஷமும் அவள் இந்த வண்டிக்கு மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்து கண்ணாடி ஓரமாகப் போய்க் கடைசிப் பெட்டியைப் பார்ப்பாள். அங்கிருந்து அவர் கொடியை லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவார். ஊருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இன்றும் கால் தானாக எழுந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒட்ட வெட்டிய மீசையோடு யாரோ ஒரு ஆள் இறங்கினார். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மேலே பார்க்கவே இல்லை.

அக்கா கண்ணாடியில் கையை வைத்தாள்.

“அவர் செத்துட்டார்டி,” என்றாள்.

சத்தம் வெளியிலிருந்தும் வந்தது. எல்லா நடைமேடைகளிலிருந்தும் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, யாருக்கும் அது கண்ணில் படவில்லை. “என் வீட்டுக்காரர் செத்துட்டார்,” என்று அக்கா இரண்டாம் தடவை சொன்னாள், அப்போதுதான் யாரோ வந்து சொன்ன மாதிரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதத்து அழுகை மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பியது. இலக்கணம் மரப்பெட்டியிலிருந்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். “ஆமாக்கா, ஆமாக்கா,” என்றாள் திரும்பத் திரும்ப. கீழே நடைமேடையில் ஒரு சுமை இழுக்கும் சத்தம்கூட இல்லை. நாலு பத்து கார்டு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். முதலில் ஸ்விட்சை அணைத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“பெட்டிக்காரியை நிறுத்தச் சொல்லிட்டேன்,” என்றார் சுவரைப் பார்த்து. “அடுத்தது நாலு இருபத்தஞ்சு. நீங்கதான் பண்ணணும், அறிவிப்பம்மா. இன்னைக்கும், நாளைக்கும்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தங்கை தோளைப் பிடித்து எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “பண்றேன்,” என்றாள்.

‘சா’ அந்தத் தாளில் முப்பத்தேழாவது சொல். அது சரியாக வந்ததை அன்றைக்கு இலக்கணம் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலையில் வகுப்புக்குப் போகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. ஞாபகத்திலிருந்து மட்டுமே இறக்க முடியும் என்று அவள் முப்பது வருஷமாகச் சொல்லி வந்த சொல். இறக்கியபோது சொல் மட்டும் தனியாக இறங்கவில்லை. நோட்டு பையில்தான் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டி உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.